தெய்வானையக்கா கண்ட கழிவு

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக நான் ஊர் திரும்பிய 1984இல், நெல்லியடிச் சந்தையில் தெய்வானையக்காவைச் சந்தித்தேன். அவருடைய மீனில் சாயம் மணத்ததால் ஒருவரும் வாங்கவில்லை. கரையிலிருந்த சாயத் தொழிற்சாலை கடலுக்குள் குழாய் விட்டிருந்தது.

“தம்பி, நீ படிச்சனி. வந்து கேள்,” என்று மீன் கடகத்தையும் தூக்கிக்கொண்டு என்னைத் தொழிற்சாலை மனேச்சரிடம் கூட்டிப் போனார்.

குழாயால் கடலுக்குள் என்ன விடுகிறீர்கள் என்று நான் ஆங்கிலத்திலேயே கேட்டேன். மனேச்சர் அக்காவைப் பார்த்துச் சிரித்தார். “எணை, அது வெறும் கழிவு. கடலிலை கரைஞ்சு போயிடும்.”

“சந்தையிலை கழிவு எண்டால் விலை குறைக்கிறது. உம்மடை கழிவு என்ரை யாவாரத்தையே கழிச்சுப்போட்டுது. உந்த மீனை உம்மடை மனிசியிட்டைக் குடும், கறி வைக்கட்டும்,” என்று கடகத்தை அவர் மேசையில் கவிழ்த்தார் அக்கா.

மனேச்சர் காவலாளியைக் கூப்பிட்டார். குழாய் அப்படியே இருந்தது.

தெய்வானையக்கா இப்போது அதே சந்தையில் மரக்கறி விற்கிறார். மனேச்சர் வீட்டாருக்கு மட்டும் விற்பதில்லை.