வரதாச்சாரி வெளியாரில்லை

ஜாக்கிரதைக்கு எது எல்லை? தண்ணீரைக் கொதிக்கவைக்கலாம். கொதிக்கவைத்த பாத்திரத்தைக் கழுவலாம். கழுவிய கையையும் கழுவலாம். எந்த இடத்தில் ஒருவன் போதும் என்று நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்காருவது? பவானிப்பூரில் முப்பத்தொரு வருஷம் குடியிருந்த ஸ்ரீனிவாசராகவனின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது என்று தோன்றும். பதில் அவர் சொல்லவில்லை. அவர் அப்படிப் பதில் சொல்லக்கூடிய மனிதரும் இல்லை.

கும்பகோணத்திலிருந்து 1909-ல் கல்கத்தா வந்தார். அலிப்பூரில் ஒரு சர்க்கார் ஆபீசில் ரிக்கார்டு குமாஸ்தா. பெரிய குணம் என்று எதையும் அவருக்குச் சூட்ட முடியாது. கருமி இல்லை, தாராளமும் இல்லை. பக்தி உண்டு, ஆனால் அது க்ஷவரம் செய்துகொள்வது போல ஒழுங்கான பக்தி. பயம் மட்டும் கொஞ்சம் அதிகம். ரஸா ரோட்டைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்ப்பார். டிராம் எதுவும் தெரியாவிட்டால், தெரியாத டிராம் ஒன்று வந்து போகட்டும் என்று இன்னும் சற்று நிற்பார்.

1918-ல் வந்த விஷ ஜுரத்துக்கு ஊரில் பல பெயர்கள். சிலர் யுத்த ஜுரம் என்றார்கள், சிலர் பம்பாய் ஜுரம். கோடையில் ஒருமுறை வந்து எல்லோரையும் மூன்று நாள் படுக்கவைத்துவிட்டுப் போனது. மழை முடியும் சமயத்தில் திரும்பி வந்தபோது அது வேறு ஜுரமாக இருந்தது. அப்போது அவர் மனைவி ஜெயலக்ஷ்மிக்கு ஏழாம் மாதம். அதற்கு முன் இரண்டு தடவை கர்ப்பம் தங்கவில்லை. தெருமுனை டாக்டர் பாபு அவரைத் தனியாக அழைத்து, "இந்த ஜுரம் பிள்ளைத்தாய்ச்சிகளைத்தான் முதலில் பிடிக்கிறது. வீட்டுக்குள் ஆளை விடாதே" என்று சொல்லியிருந்தார்.

அன்று சாயங்காலமே சமையலறைக் கதவில் முதல் சர்க்குலர் ஒட்டப்பட்டது. ஆபீசில் அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்: விஷயம், உத்தரவு, தேதி, கையெழுத்து, கீழே பார்த்தவர் கையெழுத்துக்கு இடம். வீட்டில் பார்ப்பதற்கு ஒரே ஒருத்திதான் இருந்தாள். அவளும் முதலில் ஒழுங்காகவே "பார்த்தேன். ஜெ." என்று எழுதிவந்தாள். தன்னை டிராமில் ஏறவிடாமல் அவரே தடைபோட்டுக்கொண்ட மூன்றாம் சர்க்குலருக்குக் கீழே "பார்த்தேன். சிரித்தேன். ஜெ." என்று இருந்ததாம். அதன்படி அவர் தினமும் பாலத்தைத் தாண்டி அலிப்பூருக்கு நடந்து போனார். வியர்த்து வழிய ஆபீஸ் போய்ச் சேர்ந்த மனிதரைப் பார்த்து, ஜுரமோ என்று பயந்து ஹெட்கிளார்க் இரண்டு தடவை வீட்டுக்கு அனுப்பினார்.

ஆறாம் சர்க்குலர்தான் முக்கியமானது. வெளியார் யாரும் வீட்டுக்குள் வரக் கூடாது. முதலில் அடிபட்டவள் மாடியில் இருந்த வீட்டுக்காரி ஹேமாங்கினி. ஐம்பது வயது விதவை. ஜெயலக்ஷ்மி அவளை மாஷிமா, அதாவது சித்தி என்று அழைப்பாள். அவள் இவளைப் பௌமா, அதாவது மருமகளே என்பாள். தமிழ் பேசாத தெருவில் ஜெயலக்ஷ்மிக்குப் பகலில் பேச இருந்த ஒரே ஆள். அந்த வீட்டில் மீன் சமைப்பார்கள் என்பதையும் ஸ்ரீனிவாசராகவன் காரணங்களில் ஒன்றாகச் சேர்த்திருந்தார். ஜுரத்துக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று சர்க்குலரில் இல்லை.

அந்த நாளில் பவானிப்பூரிலும் காளிகாட்டிலுமாகப் பதினாலு தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. மெட்ராஸ் மெயிலில் யார் வந்தாலும் பதினாலு வீட்டு மூட்டைகளையும் சுமந்துகொண்டுதான் வரவேண்டும். புளி, அப்பளம், காப்பிக்கொட்டை, மணத்தக்காளி வற்றல். நவராத்திரிக்கு நாலு நாள் முன்னால் வரதாச்சாரி வருகிறான் என்று கார்டு வந்தபோது, பதினாலு வீட்டிலும் புளி தீர்ந்திருந்தது. அவன் தங்க வேண்டியது ஸ்ரீனிவாசராகவன் வீட்டில்.

"வரதாச்சாரி வெளியாரா?" என்று ஜெயலக்ஷ்மி கேட்டாள்.

"அவன் எப்படி வெளியார்? உன் அத்தங்காவோட மச்சினன்."

"ரெண்டு ராத்திரி ரயில்ல வரார். யார் பக்கத்துல உக்காந்திருந்தாளோ."

"வந்ததும் ஸ்நானம் பண்ணிடுவான். மடிதானே?"

"ஜுரத்துக்கு மடி தெரியுமா?"

"நமக்குத் தெரியும்" என்றார்.

ஆறாம் சர்க்குலரின் கீழே ஒரு வரி சேர்ந்தது: ஸ்நானம் செய்த சொந்த மனுஷர்கள் வெளியார் ஆகார். ஜெயலக்ஷ்மி அதற்குக் கையெழுத்துப் போட்டாள். அவளுக்கும் புளி வேண்டியிருந்தது. ஊர்ப் பேச்சு அதைவிட வேண்டியிருந்தது.

ஆபத்து எவ்வளவு என்று தெரியாதபோது மனிதன் தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு கோட்டைப் பிடித்துக்கொள்கிறான். ஸ்ரீனிவாசராகவன் பிடித்தது நூறு தலைமுறைப் பழக்கமுள்ள கோடு. தீண்டலாமா கூடாதா என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை. மூச்சுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

வரதாச்சாரி வந்தான். முப்பத்துநாலு வயது, பெரிய குரல், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை. முற்றத்துக் குழாயில் இரண்டு தடவை குளித்தான். புளியைச் சுற்றியிருந்த ஓலை பிரிக்கப்பட்டது. ஜாடிகள் கழுவப்பட்டன. அப்பளத்தை வெயிலில் வைத்தார்கள். காப்பிக்கொட்டையைக்கூடத் தண்ணீரில் அலசி உலர்த்தினார் ஸ்ரீனிவாசராகவன். வரதாச்சாரிக்கு மணை போட்டு இலை போட்டார்கள். சாப்பிடும்போது நாலு தும்மல் போட்டான்.

"ரயில் கரி, மன்னி" என்றான் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே. "மூக்கெல்லாம் கரி. இன்னும் கொஞ்சம் சாத்தமுது சாதியுங்கோ."

மறுநாள் மற்ற வீட்டுக்காரர்கள் மூட்டை வாங்க வந்தார்கள். உள்ளே விடக் கூடாதே. தெருப்பக்கத்து ஜன்னல் வழியாக ஸ்ரீனிவாசராகவன் ஒவ்வொரு பொட்டலத்தையும் அடுப்படி இடுக்கியால் பிடித்து நீட்டினார்.

"என்ன சுவாமி, அப்பளம் கடிக்குமா?" என்று கேட்டார் லக்ஷ்மிநாராயணன் என்ற பாங்க் உத்தியோகஸ்தர்.

"சர்க்குலர்" என்றார் இவர்.

இவருடைய தோளுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு, வந்தவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் ஊர்ச் செய்தியை முகத்துக்கு நேரே விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான் வரதாச்சாரி.

சனிக்கிழமை இரவு அவனுக்குக் குளிர் கண்டது. ஞாயிறு காலையில் உடம்பு அடுப்பாகக் கொதித்தது. இருமல் தெருவுக்குக் கேட்டது. மாஷிமா யாரும் கூப்பிடாமலே மாடிப்படியில் பாதி இறங்கி நின்றாள்.

"பௌமா, தலையணையை எடுத்துக்கொண்டு மேலே வா. குழந்தை பிறக்கிறவரை அங்கேதான்."

ஸ்ரீனிவாசராகவன் தனக்குத் தெரிந்த வங்காளியில் தயங்கினார். "உங்களுக்கு எதற்குச் சிரமம். சாப்பாடு விஷயம் வேறு..."

"என் அடுப்பு தனி அடுப்பு, ராகவன் பாபு. மீன்வாடை என் பிள்ளை வீட்டு அடுப்பிலிருந்து வருவது. என் அடுப்பில் மீன் ஏறிப் பதினொரு வருஷம் ஆகிறது. வெங்காயம்கூடக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் வெங்காய வாசனை கீழேயிருந்துதான் மேலே வருகிறது."

ஸ்ரீனிவாசராகவன் ஜெயலக்ஷ்மியைப் பார்த்தார். அவள் தலையணையை எடுக்கப் போய்விட்டாள். படியேறும்போது திரும்பி, "சாத்தமுதுப் பொடி சிவப்பு டப்பாவிலே இருக்கு" என்றாள்.

"எனக்கெதுக்குப் பொடி? அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போறேன்."

"அதுக்குள்ள உங்களுக்குப் பசிக்காதா?"

அன்று மத்தியானமே அவர் ஆஸ்பத்திரிக்கு எழுதினார். நல்ல கடிதம் என்று டாக்டர் பாபுவே சொன்னார். தாமும் கீழே இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். நியாயமும் அதுதான். மேலே, ஒரு தளவரிசை தூரத்தில், ஏழு மாதக் கர்ப்பிணி. கீழே நோயாளியைப் பார்த்துக்கொள்ள வேறு யாருமில்லை. இவரும் படுத்தால் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. அவருடைய ஆறு சர்க்குலர்களையும் சேர்த்தாலும் இந்தக் கடிதத்தில் இருந்த புத்தி இல்லை.

பிறகு நடந்தவற்றை முதலிலேயே சொல்லிவிடலாம். வரதாச்சாரி பிழைத்தான். இளைத்துப்போய், இன்ஷூரன்ஸ் வேலையில் சேர்ந்து, இருபது வருஷம் ஞாயிறுதோறும் சாப்பிட வந்தான். ஸ்ரீனிவாசராகவன் நவம்பரில் ஆறு நாள் ஜுரமாகக் கிடந்து எழுந்தார். ஜெயலக்ஷ்மியை ஜுரம் தொடவில்லை. அவள் வரதாச்சாரி வந்திறங்கிய முதல் மூன்று நாளும் அவனுக்குப் பரிமாறியவள், ஆகவே அதை அதிர்ஷ்டம் என்பதைத் தவிர வேறு பெயரால் சொல்ல முடியாது. குழந்தை டிசம்பர் கடைசியில் மாஷிமாவின் அறையில் பிறந்தது, பெண். அதுவரை புருஷன் முற்றத்திலும் பெண்டாட்டி மாடி வராந்தாவிலுமாக நின்றுதான் பேச்சு, சண்டை, சமாதானம் எல்லாம். தமிழ் தெரியாத தெருக்காரர்கள்கூட யார் பக்கம் நியாயம் என்று அபிப்பிராயம் வைத்திருந்தார்கள். பதினாலு வீடுகளில் இரண்டு வீட்டில் அந்த மாதம் சாவு விழுந்தது. ஜுரம் இந்த ஜன்னலிலிருந்து போனதா, துர்கா பூஜைக் கூட்டத்திலிருந்து போனதா, யாரும் சொல்ல முடியாது. ஸ்ரீனிவாசராகவன் அந்த இரண்டு வீட்டுச் சிராத்த நாட்களையும் மறக்காமல், ஒவ்வொரு வருஷமும் போய் ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டு வருவார். அதைப் பற்றியும் பேசியதில்லை.

கடிதம் போன இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, ஆஸ்பத்திரி வண்டி வந்தது. சந்துக்குள் குதிரை திரும்பத் திணறியது. இரண்டு ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு இறங்கினார்கள். ஒருவன் கையில் இவருடைய கடிதம். ஸ்ரீனிவாசராகவன் வாசலில் நின்றார். மேல்வேஷ்டியை முகத்தில் கட்டியிருந்தார். நோயாளி பக்கத்திலேயே உட்கார்ந்து இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. மேலே வராந்தாவில் ஜெயலக்ஷ்மியும் மாஷிமாவும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நோயாளி எங்கே பாபு?"

அவர் கடிதத்தைக் கையில் வாங்கி முழுவதும் படித்தார். தேதியைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார்.

"இங்கே நோயாளி யாரும் இல்லை" என்றார்.

உள்ளே வரதாச்சாரி இருமினான். நீண்ட இருமல். ஆட்கள் இரண்டு பேரும் அது முடிகிறவரை காத்திருந்தார்கள்.

"இருமல் கேட்கிறதே, பாபு."

"கேட்கிறது" என்றார் அவர்.

கடிதம் கொண்டுவந்தவன் தோளைக் குலுக்கினான். அன்றைக்கு அவனுக்கு இன்னும் எத்தனையோ வீடுகள் இருந்தன. ஸ்ட்ரெச்சரை ஏற்றினார்கள். வண்டி பின்பக்கமாகவே சந்தைவிட்டு வெளியேறியது.

இதைப் பெருந்தன்மை என்று சொல்ல அவசரப்பட வேண்டியதில்லை. அது தப்பாகவே இருக்கலாம். மேலே நின்றவளின் முகத்தைப் பார்த்திருந்தால் தப்பு என்றுதான் பலரும் சொல்லியிருப்பார்கள். வயிற்றில் கை வைத்துக்கொண்டு அவள் வராந்தாக் கம்பியில் சாய்ந்தாள்.

"ஏன்னா, ஏன் அனுப்பிட்டேள்?"

அவர் அண்ணாந்து அவளைப் பார்த்தார்.

"கஞ்சி அடிபிடிக்கிறது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.