இடுப்புக்கு மேலே வேறு மீன்

"வண்ணங்களைப் பிரித்தறியும் திறன் இல்லாதவர். ரயில் ஓட்டும் பணிக்கும் சிக்னல் பணிக்கும் தகுதியற்றவர். மேசை வேலைக்கு ஆட்சேபணை இல்லை."

இருபத்திரண்டு வயது சிவலிங்கத்தைப் பற்றி ரயில்வே மருத்துவர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி, மை உலர்வதற்குள் மடித்துக் கொடுத்த வாசகம் இது. இதில் ஒரு சொல் கூடப் பொய் இல்லை. ஆனால் பதினைந்து வருஷம் கழித்து, எழுபத்து நாலாம் வருஷக் குளிரில் யாராவது வங்காளத்தில் ஜாதவ்பூருக்குப் போய், பல நிற நூலைக் கலந்து குரோஷா பின்னுகிற ஆண்பிள்ளை வீடு எது என்று விசாரித்திருந்தால், மிட்டாய்க் கடைக்காரர் தொடங்கி ரிக்ஷாக்காரர் வரை எல்லோரும் சிவலிங்கத்தின் ஜன்னலைத்தான் காட்டியிருப்பார்கள். இதில் மருத்துவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேசை வேலை என்று எழுதும்போது, மடியில் ஒரு நூல் கூடை வந்து உட்காரும் என்று அவர் எதிர்பார்த்திருக்க முடியாது.

சிவலிங்கம் திருநெல்வேலிக்காரர், சுத்த சைவம். என்ஜின் ஓட்டும் ஆசையில் ரயில்வேக்கு வந்து, கார்டன் ரீச் அலுவலகத்தில் சரக்கு இழப்பீட்டுப் பிரிவில் குமாஸ்தாவாக உட்கார்ந்தவர். வழியில் உடைந்த ஊறுகாய் ஜாடிகளுக்கும் நனைந்த பருத்தி மூட்டைகளுக்கும் அவர் பதில் எழுதினார். சிவப்பும் பச்சையும் தனக்கு ஒரே மாதிரி தெரியும் என்பதை அவர் மனைவி தமயந்தியிடம் கூடச் சொன்னதில்லை. மறைக்க வேண்டும் என்று திட்டம் போடவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் எழுதும் வழக்கம் குமாஸ்தாக்களிடம் கிடையாது. பிறகு சொல்லலாம் என்று நினைத்தார். பிறகு என்பது ஒன்பது வருஷமாகிவிட்டது.

தக்காளியை அழுத்திப் பார்த்து வாங்கினார். தெருவைக் கடக்கும்போது பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து நடந்தார். கரியாஹாட் புடவைக் கடையில் தமயந்தி இரண்டு புடவையைக் கையில் வைத்துக்கொண்டு எது நன்றாக இருக்கிறது என்று கேட்டால், "உனக்கு எது புடிச்சிருக்கோ அதான் நல்லாருக்கு" என்பார். இதைக் கேட்டு, பக்கத்தில் நின்ற வங்காளிப் பெண்கள் தங்கள் கணவன்மாரை ஒரு பார்வை பார்ப்பார்கள். ஒரு கண் கோளாறினால் பெருந்தன்மைக்காரர் என்று பெயர் வாங்கிய ஒரே மனிதர் அந்த வட்டாரத்தில் அவராகத்தான் இருக்க வேண்டும்.

அந்த வருஷம் மழைக்காலத்தில், கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து உண்டான குழந்தை ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டது. யார் மேலும் தப்பில்லை என்று டாக்டர் சொன்னார். கரக்பூரிலிருந்து துக்கம் விசாரிக்க வந்த சிவலிங்கத்தின் அத்தை அப்படிச் சொல்லவில்லை. அடுப்படியில் தமயந்தியிடம், "சில வயிறு தாங்காது தாயி, கொறைன்னு ஒன்னு இருந்தா என்ன செய்ய முடியும்" என்று ஆறுதலாகவே சொன்னாள். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சிவலிங்கத்துக்கு அது தெளிவாகக் கேட்டது. அவர் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அத்தை ரயிலேறினாள். தமயந்தி பேச்சை நிறுத்திக்கொண்டாள். சண்டையோ அழுகையோ எதுவும் இல்லை. சமைத்தாள், துவைத்தாள், கேட்டதற்கு "ம்" என்றாள். கடைக்குப் போவதில்லை, மாடிப்படி ஏறி அண்டை வீட்டுக்குப் போவதில்லை. அந்த "ம்" மட்டுமே தனக்கு மிச்சம் என்று ஆகிவிடுமோ என்று சிவலிங்கம் பயந்தார். அலுவலகத்தில் உடைந்த ஜாடிக்கு எழுதும்போது கூட அந்தப் பயம் கூடவே இருந்தது.

மாடி வீட்டுத் தாரா பௌதிதான் தமயந்திக்காக நூல் கூடையைக் கொண்டு வந்தவள். பௌதி என்றால் அண்ணி. அந்தச் சந்தில் கல்யாணமான பெண்கள் எல்லோரும் யாருக்காவது அண்ணிதான். குளிர்காலத்தில் மத்தியானம் நாலைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு மொட்டை மாடி வெயிலில் பின்னல் சொல்லிக் கொடுப்பாள். கை அசைந்தால் மனசும் அசையும் என்பது அவள் கட்சி. தமயந்தி அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தாள், மரியாதையாகப் பேசினாள், ஊசியைத் தொடவே இல்லை. இரண்டு வாரம் கழித்துத் தாரா பௌதி கூடையை எடுத்துப் போக வந்தபோது, கூடை போனால் அதோடு ஏதோ ஒன்று முடிந்துபோகும் என்று சிவலிங்கத்துக்குத் தோன்றியது. கூடையை இங்கே நிறுத்தி வைக்க வேறு வழி தெரியாமல், தான் கற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

தாரா பௌதி சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. கோயில் லிங்கத்தின் பெயரை ஒரு மனிதனுக்கு வைத்துக் கூப்பிட அவளுக்கு நா எழாது. அதனால் அவர் அங்கே ஷிபு தா, அதாவது ஷிபு அண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பெண்களுக்கு நடுவே ஒரு ஆண் மாணவராக ஷிபு தா உட்கார்ந்தார். முதலில் பின்னிய சங்கிலி செருப்பு வார் மாதிரி விறைத்து நின்றது. ஊசியை இறுக்கிப் பிடித்தால் கண்ணி மூச்சு விடாது என்று தாரா பௌதி ஒவ்வொரு கண்ணியாகத் தளர்த்திக் காட்டினாள். ஒரு நிறம் கைவந்த பிறகு இரண்டாவது நூலைக் கொடுத்தாள். இதில் நூலை வெட்டிக் கட்டுவதில்லை. ஒரு நிறம் பின்னும்போது மற்ற நிற நூல்கள் கண்ணிகளுக்கு உள்ளேயே, வெளியே தெரியாமல் கூடவே ஓடி வரும். முறை வந்ததும் தலை நீட்டும். லீவில் இருக்கிற ஆள் வேலையை விட்டுப் போனதாக அர்த்தமில்லை என்று சிவலிங்கம் தனக்குள் புரிந்துகொண்டார்.

நிறம் மாறும் இடம்தான் சங்கடம். சிவப்பு வரவேண்டிய கண்ணியில் சிவப்பை எடுத்தால் பாதிக் கண்ணி பழைய நிறத்தில் நின்றுவிடுகிறது. முந்தைய கண்ணி முடியும் முன்பே, அதன் கடைசி இழுப்பில் புது நூலை இழுத்துவிட வேண்டும். மற்ற பெண்கள் இதற்குத் திணறினார்கள். சிவலிங்கத்துக்கு இது ஆபீஸ் நடைமுறையாகத் தெரிந்தது: பழைய ஆள் நாற்காலியை விட்டு எழுவதற்குள் புது ஆளிடம் சார்ஜ் ஒப்படைத்தாக வேண்டும். அதைப் பிடித்துக்கொண்ட அன்று, இத்தனை வருஷ உத்தியோகம் வீண் போகவில்லை என்று நினைத்தார்.

நிறத்துக்கு என்ன செய்தார் என்றால், கரியாஹாட் நூல் கடைக்காரரிடம் ஒவ்வொரு உண்டையிலும் நிறத்தின் பெயரைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் குத்தித் தரச் சொன்னார். டிசைன் வரைந்த கட்டத் தாளிலும் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் நிறத்தின் எழுத்தைப் போட்டுக்கொண்டார். ஒருநாள் பேச்சு நீண்டு பொழுது சாய்ந்து, மின்சாரமும் போயிற்று. லாந்தர் வெளிச்சத்தில் எது நீலம் எது பச்சை என்று தெரியாமல் பெண்கள் எல்லோரும் வேலையை மடியில் போட்டுவிட்டார்கள். ஷிபு தா மட்டும் காகிதத்தைப் பார்த்துப் பார்த்துப் பின்னிக்கொண்டே போனார். தாரா பௌதி அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டாள்.

முதல் பெரிய வேலையாக ஒரு பை. அடியிலிருந்து சுற்றிச் சுற்றி மேலே ஏறும் பின்னல். அதற்குத் தாரா பௌதி, தான் எப்போதும் தோளில் மாட்டி வரும் பையில் இருந்த மீன் படத்தையே கொடுத்தாள். நீலத் தண்ணீர், சிவப்பு மீன்கள், நடுவே பச்சைப் பாசி, வெள்ளைக் கண். சைவ வீட்டில் மீனா என்று சிவலிங்கம் தயங்கினார். தாமரை மாதிரி ஏதாவது இருக்குமா என்று கேட்டார்.

"பூவெல்லாம் வளைவு, ஷிபு தா. மீன் எல்லாம் மூலை. முதல்ல மூலையைக் கத்துக்கோங்க. சாப்பிடவா சொன்னேன்?"

மீன் வீட்டுக்கு வந்தது. தமயந்தி அதைப் பார்த்தாள். முன்பென்றால் அடுப்படிப் பக்கம் கொண்டுவராதீர்கள் என்றாவது சொல்லியிருப்பாள். சிவலிங்கம் அந்தத் திட்டுக்குக் கூட ஏங்கினார். தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் கூடத்தில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து பின்னினார். அவள் அரிசியில் கல் பொறுக்குவாள். மீன்களுக்கு வயிறு வரைக்கும் வந்துவிட்டது.

ஒருநாள் அவர் வீட்டுக்கு வந்தபோது கூடை ஒழுங்காக இருந்தது. சிக்கலாகக் கிடந்த நூல்கள் அழகாக உண்டை சுற்றப்பட்டிருந்தன. தமயந்தி கூடையைத் தொட்டிருக்கிறாள். சிவலிங்கத்துக்கு நெஞ்சு நிறைந்தது. அடுத்த நிமிஷம் பார்த்தால், காகிதத் துண்டுகளைக் குப்பை என்று நினைத்துக் களைந்திருந்தாள்.

நாலு உண்டையில் இரண்டைப் பற்றிச் சிக்கல் இல்லை. மற்ற இரண்டும் அவர் கண்ணுக்கு ஒரே மண். கேட்டிருக்கலாம். ஆனால் காகிதம் எங்கே என்று கேட்டால், தொட்டது தப்போ என்று அவள் கையை இழுத்துக்கொள்வாள். இத்தனை மாசத்தில் முதல் தடவையாக நீண்ட கை. அதைவிட மீன் முக்கியமில்லை என்று முடிவு செய்து, ஏதோ ஒன்றைச் சிவப்பு என்று எடுத்துப் பின்ன ஆரம்பித்தார்.

தமயந்தி பார்த்தாள். அன்றைக்கும் பார்த்தாள், மறுநாளும் பார்த்தாள். அதற்கு மறுநாள், சந்தில் விளக்கு வைத்துச் சங்கு ஊதி ஓய்ந்த நேரத்தில், முறத்தைக் கீழே வைத்தாள்.

"இந்த மீனு இடுப்புக்கு மேல வேற மீனா இருக்கே."

மழைக்காலத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அது. சிவலிங்கத்துக்கு ஊசி கையில் நின்றுவிட்டது. டிசைன் அப்படி என்று சொல்லிப் பார்த்தார். தாரா பௌதியின் பையில் அப்படி இல்லை என்றாள். பாசி ஏன் பாதியில் சிவந்து போயிருக்கிறது என்றும் கேட்டாள். பிறகு எழுந்து வந்து, இரண்டு உண்டைகளை இரண்டு கையிலும் எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"இதுல எது செவப்பு?"

வலது கை என்று சொல்லலாம். பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது. அந்தப் பாதியை வைத்துத்தான் அவர் இதுவரை காலம் தள்ளியிருந்தார். சரியாக இருந்தால் அவள் "ம்" என்று சொல்லிவிட்டு முறத்துக்குத் திரும்பிவிடுவாள்.

"தெரியலை" என்றார்.

"வெளிச்சம் பத்தலையா?" அவளே ஒரு வழியைத் திறந்துவிட்டாள்.

"வெளிச்சம் இல்ல. எனக்கு எப்பவுமே தெரியாது. சின்னதுலேருந்தே. ரெண்டும் ஒரே மண்ணாத்தான் இருக்கு. கண்ணுல கொறை."

அந்தச் சொல்லை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. வாயில் வந்தது. வந்து விழுந்த பிறகுதான் அது அடுப்படியில் கேட்ட சொல் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. தமயந்தி அசையாமல் நின்றாள்.

"அத்தை அன்னைக்கு அப்படிச் சொன்னப்போ எனக்குக் கேட்டுது" என்றார் சிவலிங்கம். "பேப்பரைப் போட்டுட்டு எந்திரிச்சு வந்திருக்கணும். வரலை."

பிறகு அவள் உண்டைகளோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்போ என் முகூர்த்தச் சேலை?"

"பளபளன்னு இருந்துச்சு."

"என்ன கலருன்னு நினைச்சிய?"

"கலரை யாரு பாத்தா."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதி வழியில் தடம் மாறி அழுகையாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் அழுதது அப்போதுதான். சிவலிங்கத்துக்குக் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு கையில் ஊசியும் இன்னொரு கையில் பையுமாக இருந்தபடியே, தோளை மட்டும் அவள் பக்கம் சாய்த்துக்கொண்டார். அவள் அதில் முகத்தை வைத்து அழுது முடித்தாள். முந்தானையால் துடைத்துக்கொண்ட பிறகு பையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பிரிங்க" என்றாள். "இடுப்பு வரைக்கும் பிரிங்க."

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. தமயந்தி குரோஷா கற்றுக்கொள்ளவே இல்லை. எந்தக் காரியத்துக்காக அந்தக் கூடை வீட்டுக்கு வந்ததோ அது கடைசி வரைக்கும் நடக்கவில்லை. ஊசி தனக்குச் சரிப்படாது என்று அவள் ஒரே பிடியாக இருந்தாள். ஆனால் மறுநாள் மத்தியானத்துக்குள் மாடி ஏறிப் போய், தன் கணவருக்கு நிறம் தெரியாது என்ற செய்தியைத் தாரா பௌதியிடம் சொல்லிவிட்டாள். சாயங்காலத்துக்குள் சந்து முழுக்கத் தெரிந்தது. சிவலிங்கம் பதினைந்து வருஷமாகப் பயந்த அவமானம் வரவில்லை. நிறம் தெரியாமலே இவ்வளவா என்று மதிப்புக் கூடிவிட்டது. அதைத் திருத்த அவர் முயன்றார், யாரும் காது கொடுக்கவில்லை. நூல் வாங்கும் பொறுப்பைத் தமயந்தி எடுத்துக்கொண்டாள். அதற்காக வீட்டை விட்டு இறங்கி, அவரையும் கூட்டிக்கொண்டு கரியாஹாட் போனாள். கடைக்காரர் இந்த மனுஷன் தலையில் எதை வேண்டுமானாலும் கட்டிவிடுவார் என்று அவர் காதுபடவே சொன்னாள்.

மீன்கள் சற்றே வலது பக்கம் சாய்ந்து நின்றன. சுற்றிப் பின்னினால் அப்படித்தான் சாயும், ஆற்றோட்டத்தை எதிர்த்துப் போகிற மீன் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்று தாரா பௌதி சொன்னாள். அந்தப் பையில் தமயந்தி வாழைக்காயும் முருங்கைக்காயும் வாங்கி வந்தாள். பிறகு ஆசன விரிப்பு, தலையணை உறை, தாமரை என்று சிவலிங்கம் பின்னிக்கொண்டே போனார்.

மறுபடி குழந்தை பிறக்கவில்லை. "ம்" மட்டும் பதிலாக வருகிற நாட்களும் அவ்வப்போது வந்தன, குறிப்பாக மழைக்காலத்தில். அந்த நாட்களில் சிவலிங்கம் கூடையை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு நூலையும் அவளிடம் காட்டி இது என்ன நிறம் என்று கேட்டுவிட்டுத்தான் பின்னினார். நீலம் அவருக்கு நன்றாகவே தெரியும். அதையும் கேட்டார்.