மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார்?

முதலில் தாகம்தான். மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டிலிருந்து கீழே ஆலங்காயத்துக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிறேன். ஒரு நடைக்குள் இரண்டு பாட்டில் தண்ணீர் தீர்ந்துவிடும். வழியில் இரண்டு இடத்தில் வண்டியை ஓரங்கட்டி ஒன்றுக்குப் போக இறங்குவேன். "இன்னாண்ணா, மறுபடியுமா?" என்று பின்சீட்டில் சிரிப்பார்கள். ஒருநாள் வளைவில் எதிரே வந்த பைக் மங்கலாக, இரண்டாகத் தெரிந்தது. அன்று நான் சிரிக்கவில்லை.

திருப்பத்தூரில் ரத்தம் பார்த்த டாக்டர் நீரிழிவு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். ஒழுங்காகத்தான் விழுங்கினேன். பிறகு ஆலங்காயத்தில் ஓர் ஆயுர்வேத டாக்டரம்மாவிடம் போனேன். நிசா ஆமலகி (மஞ்சளும் நெல்லியும் சேர்ந்த சூரணம்) தந்தார். "மாத்திரையும் இதுவும் சேர்ந்து நடக்கட்டும், மாசாமாசம் ரத்தம் பாருங்க" என்றார்.

நான் சூரணமே போதும் என்று மாத்திரையை விட்டுவிட்டேன். மனைவி செல்வியிடமும் சொல்லவில்லை. சாமை சர்க்கரைக்கு நல்லது என்று கேள்விப்பட்டு, தட்டு நிறையச் சாமைச்சோறு. மலைத்தேன் இயற்கைதானே என்று அதிலும் இரண்டு கரண்டி.

ஒரு சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தேன்.

"இன்னாங்க இது, வூடெல்லாம் ரத்தம்!" என்றாள் செல்வி.

செருப்பைத் துளைத்த முள் வலது குதிகாலில் ஆழமாக ஏறியிருந்தது. எப்போது ஏறியது என்றே தெரியவில்லை. வலி இல்லாததுதான் என்னைப் பயமுறுத்தியது. பிரேக் மிதிக்கும் கால் அது.

விடிந்ததும் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"மாத்திரைய நிறுத்தச் சொன்னது யாருங்க?"

"நானேதாங்க."

"சாமைன்னா அளவு கிடையாதா? தேனும் சர்க்கரைதாங்க. இந்தப் புண்ணுக்கு என் மருந்து பத்தாது. இன்னிக்கே திருப்பத்தூர் போங்க." தான் கொடுத்த மருந்துகளை ஒரு தாளில் எழுதி அந்த டாக்டருக்குக் கொடுத்தனுப்பினார்.

திருப்பத்தூரில் நியூரோபதி (சர்க்கரையால் நரம்பு மரத்துப்போவது) என்றார்கள். இன்சுலின் போட்டு, புண்ணைக் கீறிச் சுத்தம் செய்தார்கள். காலை எடுத்துவிடுவார்களோ என்று கேட்க வாய் வரவில்லை. செல்விதான் கேட்டாள். "சரியான நேரத்துல வந்துட்டீங்க. கால் தப்பிச்சுது" என்றார் டாக்டர். அவள் வராந்தாவில் போய் அழுதுவிட்டு வந்தாள்.

புண் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. இப்போது இன்சுலின் இல்லை. மாத்திரையும் சூரணமும் உண்டு, இரண்டு டாக்டர்களுக்கும் தெரிந்தே. டாக்டரம்மா செல்விக்கும் ரத்தம் பார்க்கச் சொன்னார். அவளுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. வராமல் தடுக்க அவளுக்கு இன்னும் காலம் இருக்கிறது என்றார். சாப்பிட்டபின் இருவரும் நடக்கிறோம். சாமையை அளந்து போடுகிறாள்.

மதியம் சாப்பிடாமல் இப்போதெல்லாம் ஜீப்பை எடுப்பதில்லை. ஆட்கள் காத்திருக்கிறார்கள், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. இத்தனை வருடம் நான்தான் அவசரப்பட்டிருக்கிறேன்.

குதிகாலில் பாதி இடம் இன்னும் மரத்தே இருக்கிறது. தினமும் செல்வி விரலால் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்பாள். முன்பானால் எல்லா இடத்துக்கும் ஆமாம் சொல்லியிருப்பேன். இப்போது தெரியாத இடத்தில் "தெரியல" என்கிறேன். அவள் அந்த இடத்தை விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பி, இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்கிறாள்.