அண்ணன் கேட்டது அசல் ரப்பர் புஷ்

எங்கள் அண்ணன் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பிறந்தவர். அப்பா இறந்தபின் படிப்பை விட்டுவிட்டு, கிள்ளானில் லோரி ஓட்டி எங்களைப் படிக்க வைத்தார். ஓய்வு பெற்றதும் பழைய நான்கு சக்கர இயக்க வண்டி ஒன்றை வாங்கினார். டெங்கில் பக்கத் தோட்டத்திலிருந்து இரண்டு அம்மாமார்களை டயலிசிஸுக்கு அழைத்துப் போகத்தான். மழை பெய்தால் அந்தச் செம்மண் பாதையில் வேறு வண்டி போகாது.

வண்டியின் புஷ்கள் தேய்ந்துபோயின. சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை வண்டிச் சட்டத்தோடு சேரும் இடத்தில், அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அந்த ரப்பர்தான். ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு கடைக்கு நானும் உடன் போனேன். கடைக்காரர் மஞ்சள் நிறத்தில் பாலியூரித்தேன் புஷ்ஷை எடுத்து வைத்தார்.

"இத போடுங்கண்ணே. கெட்டி. ரப்பர் சீக்கிரம் போயிரும்லா."

"கெட்டிதான் பாஸ். ஆனா குலுக்கல் எல்லாம் பின்னாடி உக்காந்திருக்கவங்க முதுகுக்குப் போகும். ஊசி குத்தின கையோட வர்றவங்க. அடிக்கடி மாத்தினாலும் பரவால்ல, எனக்கு ஒரிஜினல் ரப்பர் கொடுங்க."

கடைக்காரர் ஒரு ரப்பர் புஷ் பெட்டியை எடுத்து நீட்டினார். "ஒரிஜினல்தாண்ணே. பெட்டியப் பாருங்க."

அண்ணன் நம்பினார்.

சில மாதங்களில், தோட்டத்துக்குத் திரும்பும் வழியில், முன்பக்க புஷ் கிழிந்து இரும்புக் கை நகர்ந்தது. வண்டி ஒருபக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் விழுந்தது. அம்மாமார்களுக்குச் சிராய்ப்புதான். அண்ணனுக்கு நெஞ்சு எலும்புகள் நொறுங்கின. மருத்துவமனையில் கண் விழித்ததும், "அவங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிட்டாங்களா?" என்றுதான் கேட்டார். பிறகு நுரையீரலில் சளி கட்டியது. அவர் வீடு திரும்பவேயில்லை.

வண்டியைப் பிரித்துப் பார்த்தவர் அண்ணனின் நண்பர் மாரி. ரப்பர் மாவாய் உதிர்ந்தது. "தங்கச்சி, பெட்டி மட்டுந்தான் ஒரிஜினல்" என்றார்.

அந்தக் கடைக்காரர் இறுதிச் சடங்குக்கு மலர்வளையத்தோடு வந்தார். "பழைய வண்டிலா, தங்கச்சி. விதி, என்ன செய்றது?" என்றார்.

"வண்டி பழசுதான் அங்கிள். ஆனா கிழிஞ்சது நீங்க கொடுத்த புதுசு."

மலர்வளையத்தை வாங்கி வாசலுக்கு வெளியே வைத்தேன். சாவு வீட்டில் சத்தம் வேண்டாம் என்று உறவினர் சிலர் என் கையைப் பிடித்தார்கள். இன்றும் விதி என்றே சொல்கிறார்கள். பெரியவர்கள் மன்னிக்க வேண்டும்: இது விதி இல்லை. தெரிந்தே விற்ற போலிச் சாமான். ஓராண்டாகியும் என் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. போலீசில் கொடுத்த புகாரையும் திரும்பப் பெறமாட்டோம்.

பள்ளத்தில் இறங்கி அண்ணனைத் தூக்கிய தோட்டத்து மக்களுக்கும், இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், சோறு கொண்டுவந்த பங்சார் அத்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாரி அண்ணன் இன்று அண்ணனின் இந்த ஓராண்டு நினைவு மலர்ப் புத்தகத்தை வாங்க வரமாட்டார். டயலிசிஸ் நாள். பழுது பார்த்த அந்த வண்டியை, அம்மாமார்களை ஏற்றிக்கொண்டு, இப்போது அவர்தான் ஓட்டுகிறார்.