வெள்ளிக்கிழமைகளில் நான் கேட்டது

"கண்ணை மூடிக்கினு இன்னாம்மா கேக்குற?" என்று மாமியார் கேட்டபோது, நான் ஏன் "அம்மன் பாட்டு, அத்தே" என்றேன்? இன்றுவரை விடை தெரியவில்லை.

நான் கேட்டது ஹெவி மெட்டல், கிட்டாரும் டிரம்மும் உறுமலுமாக இடிக்கும் மேல்நாட்டு இசை. கல்லூரி விடுதியில் பிடித்துக்கொண்ட பழக்கம்.

புதிய ஆல்பங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் வெளிவரும். வில்லியனூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் தெருவில் வெள்ளி என்றால் அம்மன் விரதம். மாமியார் வீட்டைக் கழுவிச் சாம்பிராணி போடுவார். நான் ஒரு வயது மகளை மடியில் கிடத்தி, காதில் இயர்போனுடன் உட்கார்ந்திருப்பேன்.

போன ஆண்டு... எப்படிச் சொல்வது உங்களுக்கு! முப்பது ஆண்டுகள் பாடிய ஒரு குழுவின் கடைசிக் கச்சேரிப் பதிவு. பாதியில் பாடகரின் குரல் உடைந்தது. மைக்கைக் கூட்டத்தை நோக்கி நீட்டியிருப்பார். மீதிப் பாட்டைக் கூட்டமே பாடி முடித்தது. பிறகு, பனி நாட்டுப் பெண்கள் மூவரின் முதல் ஆல்பம். டிரம் அடியில் என் விலா அதிர்ந்தது. அடித்தொண்டை உறுமலுக்குள்ளிருந்து தாலாட்டுப் போல ஒன்று எழுந்தது. மனிதர்களா இதைச் செய்தார்கள் என்று மலைத்து அழுதேன்.

மாமியார் பார்த்தது அந்தக் கண்ணீரைத்தான். "எம் மருமவ மேல அம்மா எறங்குறா" என்று தெருவெல்லாம் சொன்னார்.

அடுத்த வெள்ளி, எதிர்வீட்டுச் செல்வி தன் மகளைத் தூக்கி வந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல்.

"யக்கா, உன் கையால துண்ணூறு பூசி வுடு."

பூசினேன். காய்ச்சல் இறங்கியது. செல்வி மருந்தும் கொடுத்திருந்தாள். அதை யாரும் பேசவில்லை. அதன்பின் வெள்ளிதோறும் இரண்டு மூன்று பிள்ளைகள் வந்தன.

ஆண்டுக் கடைசியில் செல்வியின் மகளுக்கு மறுபடி காய்ச்சல். செவ்வாயன்றே எனக்குத் தெரியும். டாக்டரிடம் காட்டச் சொன்னேன்.

"இன்னாக்கா, சாமியே டாக்டராண்ட அனுப்புது?" என்று சிரித்தாள். "வெள்ளிக்கெழம நீ பூசினா சரியாப் பூடும்."

மாமியார் பக்கத்தில் பெருமையோடு நின்றார். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை... அந்த மூன்று நாளும் வரவில்லை.

வெள்ளி காலை பூசினேன். மதியம் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. நான்கு நாள் மருத்துவமனையில் கிடந்தாள். மூன்று நாள் ஏன் கடத்தினாய் என்று டாக்டர் செல்வியைத் திட்டினாராம். என்னை யாரும் திட்டவில்லை.

பிள்ளை பிழைத்து வந்ததும் செல்வி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீ பூசினதாலதான்க்கா உசுரோட கீறா."

நானும் ஒரு தாய். அப்போதும் நான் பேசவில்லை.

இன்னும் பூசுகிறேன். இன்னும் கேட்கிறேன், இன்னும் மலைக்கிறேன். அந்த இசையின்முன் எனக்கு நேர்வது பக்தி இல்லை என்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அது ஒரு பிள்ளையின் காய்ச்சலை இறக்காது. அது எனக்குத் தெரியும்; செல்விக்குத் தெரியாது.

படிக்கிற நீங்கள் சொல்லுங்கள். முதலில் யாரிடம் சொல்லட்டும், மாமியாரிடமா, செல்வியிடமா? சொன்ன பிறகு எதிர்வீட்டு வாசலை எப்படிக் கடந்துபோவேன்? தெரிந்தவர்கள் எழுதுங்கள். வெள்ளிக்கு முன் எழுதுங்கள்.