கிளென்னா பார்த்ததைச் சொல்வாள்

வெள்ளரிக்காய் ஊறுகாய் தீர்ந்த பிறகு ஜாடியில் மிஞ்சும் புளித்தண்ணீரை கிளென்னா ஹோஸ்லர் கொட்டுவதில்லை. வடிகட்டி உறைய வைத்து, பேஸ்பால் ஆட்டம் இருக்கும் மாலைகளில் ஒரு பிளாஸ்டிக் குடுவையில் கொண்டுவருகிறாள். ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிந்ததும் முகமூடியை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு, அதுவரை உருகியதில் ஒரு மடக்கு. முகம் சுளிப்பதே இல்லை. "வெயிலுக்கு இதைவிட என்ன இருக்கு? நீங்க குடிக்கிற நீலக் கலர் தண்ணியில கார்தான் கழுவலாம்" என்பாள்.

ஜூலையில் எங்கள் ஊரைச் சுற்றியுள்ள மக்காச்சோளக் கொல்லைகள் வியர்த்து, அந்த ஈரம் முழுவதையும் ஊரின் மேல் கவிழ்க்கும். மார்பில் கவசம், முழங்காலில் கவசம், முகத்தில் கம்பி வலை. இத்தனையும் மாட்டிக்கொண்டு, ஐம்பத்தெட்டு வயதில், பந்து பிடிக்கும் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் அரைக்குந்தலாக மாலை முழுவதும் நிற்கிறாள். சிறுவர் பேஸ்பாலுக்கு எங்களிடம் இருக்கும் ஒரே நிரந்தர அம்பயர் அவள்தான்.

மட்டைக்காரன் தவறவிட்ட நல்ல பந்துக்கு அம்பயர் சொல்லும் 'ஸ்ட்ரைக்' என்ற சொல் அவள் வாயில் முழுதாக வருவதில்லை. "ஹைக்!" என்று அடக்கிய தும்மல் போல் வெளிப்படும். கூடவே வலக்கை, கதவில் சிக்கிய துணியை இழுப்பது போல் வெடுக்கென்று பின்னால் போகும். காலையில் அவள் ஓட்டும் பள்ளிப் பேருந்தின் கடைசி வரிசையில் பிள்ளைகள் இதைச் செய்து காட்டிச் சிரிப்பார்கள். கேட்காதது போலவே வருவாள். அடுத்த நிறுத்தத்தில் கண்ணாடியில் பார்த்து, "தொண்டையிலேர்ந்து எடுக்காதே கண்ணு, வயித்துலேர்ந்து எடு" என்பாள்.

நாங்கள் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அவளும் நானும், பிறகு லூஆனும், லூஆன் கட்டிக்கொண்ட கிரெய்க் மெல்லிங்கரும். அந்த நாளிலேயே அவளிடம் யாரும் ரகசியம் சொல்ல மாட்டோம். வெளியே சொல்லிவிடுவாள் என்பதற்காக அல்ல. யாராவது நேராகக் கேட்டால் அவளுக்கு இல்லை என்று சொல்ல வராது.

பார்வையாளர் பலகையிலிருந்து எந்த ஆட்டத்திலும் ஒரு தகப்பன் கத்துவான். "ஏம்மா கிளென்னா, கண்ணாடியை வீட்லயே வெச்சுட்டு வந்துட்டியா?" அவள் திரும்பிப் பார்க்காமலே பதில் சொல்லுவாள். "நான் பார்த்ததை நான் சொல்லிட்டேன். நீ பார்த்ததை வீட்ல போய் உன் பொண்டாட்டிகிட்டச் சொல்லு. அவளாவது நம்பறாளான்னு பார்ப்போம்." மொத்தப் பலகையும் சிரிக்கும். கத்தியவனும் சிரிப்பான். போன வருடம் ஜூலை வரை இப்படித்தான் இருந்தது.

கிரெய்க் கூரை வேய்கிற ஒப்பந்தக்காரன். பிள்ளைகளிடம் பிரியமானவன். அதைவிடச் சற்று அதிகமாக வெற்றியிடம் பிரியம். அவன் பயிற்றுவிக்கும் அணிக்குச் சட்டை வாங்கிக் கொடுப்பது ஊர் இறுதிச்சடங்கு நிலையம். அதன் பெயர் முதுகில் பெரிதாக எழுதியிருக்கும். "டேய், புதைச்சிடுவாங்கடா!" என்று எதிரணிப் பிள்ளைகள் கேலி செய்வார்கள். போன வருடம் அந்த அணி உண்மையிலேயே எல்லோரையும் புதைத்துக்கொண்டிருந்தது. பந்து வீசியது கிரெய்க்கின் மூத்த மகன். வயது வரம்பின்படி அவனுக்கு அதுதான் கடைசி வருடம்.

எங்கள் பேஸ்பால் சங்கத்தில் ஒரு விதி உண்டு. அணியில் இருக்கும் எந்தப் பிள்ளையும் குறைந்தது இரண்டு இன்னிங்ஸ் மைதானத்தில் நிற்க வேண்டும். கெட்டிக்காரனோ மந்தமானவனோ, எல்லோருக்கும் அதேதான். இல்லையென்றால் ஆட்டம் எதிரணிக்கு. கிரெய்க்கின் அணியில் எமெட் என்று ஒரு குண்டுப் பையன். பந்து தன்னை நோக்கி வந்தால் மரியாதையாக ஒதுங்கி வழிவிடுவான். புல்லில் வெட்டுக்கிளி பிடிப்பதில்தான் அவனுக்கு ஆர்வம்.

இறுதி ஆட்டத்தில் கடைசி இன்னிங்ஸ் தொடங்கப் போகிறது. கிரெய்க்கின் அணி ஓர் ஓட்டம் முன்னால். எமெட் இன்னும் களமிறங்கவே இல்லை. கிளென்னா முகமூடியைக் கழற்றிக்கொண்டு அவர்கள் உட்கார்ந்திருந்த கொட்டகைக்கு நடந்தாள். நான் வேலியோரம்தான் நின்றிருந்தேன். பேசியதெல்லாம் காதில் விழுந்தது.

"எமெட் எங்கே, கிரெய்க்?"

"அவனுக்கு வயித்து வலி."

எமெட் பெஞ்சின் கோடியில் உட்கார்ந்து, உருகிய சீஸில் சிப்ஸைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். சீஸ் முழங்கைவரை வழிந்திருந்தது. பின்னால் இரண்டு அம்மாக்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"வயித்து வலிக்கு இது நல்ல மருந்தா இருக்கே," என்றாள் கிளென்னா. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு இன்னிங்ஸ் கணக்கு இனிமே ஆகாது. இப்பவாவது இறக்கு. கடைசி ஒண்ணுல நிக்கட்டும். எதிர் கோச்கிட்ட நான் பேசிக்கிறேன், அவர் ஒத்துப்பார்."

"அவனை நிறுத்தினா பந்து அவன்கிட்டதான் போகும். உனக்கே தெரியும்."

"போகட்டும்."

"கிளென், எம் பையனுக்கு இது கடைசி ஆட்டம். ஒரே ஒரு தடவை வேற பக்கம் பார்த்துட்டுப் போ. லூஆன் அங்கே உன்னைத்தான் பார்த்துக்கிட்டிருக்கா."

கிளென்னா பலகைப் பக்கம் பார்த்தாள். லூஆன் எழுந்து நின்றிருந்தாள். கிளென்னா கிரெய்க்கின் பக்கம் திரும்பினாள்.

"இறக்கறியா, இல்லையா?"

"இல்லை."

அவள் மைதானத்தின் நடுவுக்குப் போய், கையை எதிரணியின் பக்கம் நீட்டி, ஆட்டம் அவர்களுடையது என்று சொன்னாள். அன்றைக்கு மட்டும் தும்மல் இல்லை. ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

கூச்சல் எழுந்தது. யாரோ ஒரு குளிர்பானக் கோப்பையை வேலி மேல் எறிந்தார்கள். பந்து வீசிய பையன் வீசும் மேட்டிலேயே அப்படியே உட்கார்ந்து, கையுறையால் முகத்தை மூடிக்கொண்டான். வெற்றிக்கோப்பையைப் பெற்றுக்கொண்ட எதிரணிக்கும் சந்தோஷமில்லை. "இப்படி ஜெயிச்சதை வெச்சு என்ன பண்றது? ஐஸ்கிரீம் கடைக்குப் போறதா, வேண்டாமா?" என்று அவர்களுடைய பயிற்சியாளர் என்னிடமே கேட்டார். கிளென்னாவிடம் ஒருவரும் பேசவில்லை. கவசங்களைக் கழற்றி, வண்டியில் போட்டுக்கொண்டு போனாள்.

ஆகஸ்டில் பள்ளி திறந்தது. எங்கள் ஊரில் எதிரே வரும் வண்டிக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவோம். தெரிந்தவன், தெரியாதவன் பேதமில்லை. கிளென்னாவின் மஞ்சள் பேருந்து வரும்போது மட்டும் விரல்கள் எழவில்லை. வீட்டு வாசல்களில் காபிக் கோப்பையோடு நிற்கும் பெற்றோர் கைபேசியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவள் தன் பங்குக்கு விரலைத் தூக்கிக்கொண்டே போகிறாள், ஒரு வாசல் விடாமல்.

எமெட்டின் அம்மா கேரா மட்டும் பேருந்துப் படியேறி வந்து பேசினாள். நன்றி சொல்லப் போகிறாள் என்றுதான் கிளென்னா எண்ணியிருக்கிறாள்.

"என் பையன் அந்த பெஞ்சுல சந்தோஷமா இருந்தான், தெரியுமா? விளையாட விடலைன்னு அவன் யார்கிட்டயாவது அழுதானா? இப்ப பள்ளிக்கூடத்துல எல்லாரும் அவனை எப்படிக் கூப்பிடறாங்க தெரியுமா? 'கோப்பையைத் தின்னவன்'னு. யாருக்காக இதைச் செஞ்சே நீ?"

"அதை நான் யோசிக்கலை, கேரா," என்றிருக்கிறாள் கிளென்னா. "அவன் ஆடலைங்கிறதைத்தான் பார்த்தேன்." இதை என்னிடம் சொன்னவள் கிளென்னாவேதான். தனக்குச் சாதகமாக ஒரு வார்த்தை கூடச் சேர்க்கவில்லை. அந்த வாரத்திலிருந்து எமெட்டைத் தனக்குப் பின்னாலிருக்கும் முதல் இருக்கையில் உட்கார வைத்துக்கொள்கிறாள். பின்வரிசையிலிருந்து அந்தப் பட்டப்பெயர் கேட்டால் பேருந்தை ஓரம் கட்டிவிட்டு, அது அடங்கும்வரை பேசாமல் காத்திருக்கிறாள்.

இலையுதிர்காலத்தில் தீயணைப்பு நிலையக் கூடத்தில் சங்கக் கூட்டம். அம்பயரை மாற்ற வேண்டும் என்று கிரெய்க் எழுந்து சொன்னான். நிறையத் தலைகள் ஆடின. "சரி, யார் நிக்கறீங்க?" என்று தலைவர் கேட்டார். மடக்கு நாற்காலிகள் கிரீச்சிட்டன. ஒருவருக்குக் கூரை வேலை, இன்னொருவருக்கு முழங்கால் வலி. கடைசி வரிசையில் இருந்த கிளென்னா எழுந்து, தன் காபிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். "அப்ப மே மாசம் பார்க்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை மாலைகள்தான் அவளுக்குக் கடினம். யூக்கர் என்ற சீட்டாட்டம் தெரியாதவனுக்கு எங்கள் ஊரில் பெண் கொடுக்க மாட்டார்கள். நான்கு பேர் வேண்டும், இரண்டிரண்டாகக் கூட்டு. கிளென்னாவும் லூஆனும் பள்ளிக் காலத்திலிருந்து ஒரு கூட்டு. போன ஜூலை வரை வியாழன்தோறும் ஆட்டம் நடந்த அவள் வீட்டுக் கூடத்தில் அந்தச் சதுர மேசை இன்னமும் நான்கு நாற்காலிகளோடு விரித்தபடியே கிடக்கிறது. அதன்மேல் துவைத்த துணிகளை மடித்து வைக்கிறாள். விவாகரத்தான கணவர் அடுத்த ஊரில் இரண்டாம் மனைவியோடு இருக்கிறார். தவறாமல் கிறிஸ்துமஸுக்கு ஒரு முழுப் பன்றித்தொடை அனுப்புகிறார். முன்பெல்லாம் அதில் பாதி லூஆன் வீட்டுக்குப் போகும். இந்த முறை மார்ச் வரை அவள் ஒருத்தியே தின்று தீர்த்தாள்.

ஒருமுறை சூப்பர்மார்க்கெட்டில், உறைந்த பட்டாணி இருக்கும் இடத்தில், இருவரும் எதிரும் புதிருமாக வந்துவிட்டார்கள். திரும்பிப் போக வழியில்லை.

"நீ சொன்னது சரிதான்," என்றாள் லூஆன். "அதான் எனக்குப் பொறுக்கலை. நீ தப்பா சொல்லியிருந்தா அன்னைக்கு ராத்திரியே மன்னிச்சிருப்பேன்."

"லூ, வியாழக்கிழமை..."

"எம் பையன் இப்பவும் அப்பாகிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்லை. உனக்கு அது தெரியாதில்ல? நீ அதைப் பார்க்கலையே."

லூஆன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். கிளென்னா பட்டாணிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். குளிர்பெட்டியின் கதவு திறந்திருக்கிறது என்று கடைக்காரப் பெண் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

மே வந்தது. முதல் ஆட்டத்திலேயே கிரெய்க்கின் இளைய மகன் மட்டையோடு முதலாவதாக வந்து நின்றான். பார்வையாளர் பலகைகளின் மூன்றாம் படியில் மெத்தை போட்டு லூஆன் உட்கார்ந்திருந்தாள். பலகைகள் நிறைந்திருந்தும் யாரும் அம்பயரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, கேலி கூடச் செய்யவில்லை.

மட்டைக்காரன் நிற்குமிடத்துக்குப் பக்கத்தில் தரைமட்டமாக மண்ணில் பதித்த ஒரு வெள்ளைத் தகடு உண்டு. ஆட்டம் தொடங்கும் முன் அம்பயர் அதைத் துடைக்க வேண்டும். குனியும்போது பின்புறத்தை மைதானத்துக்குக் காட்டுவார்கள், ஜனங்களுக்குக் காட்டுவதில்லை. அது ஒரு பழைய மரியாதை. கிளென்னா சுற்றிக்கொண்டு தகட்டுக்கு முன்னால் வந்தாள். முகமூடியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கினாள். மூன்றாம் படியை நேராகப் பார்த்துவிட்டு, இடுப்பை வளைத்து, வழக்கத்தைவிடத் தாழக் குனிந்து, சின்னத் தூரிகையால் துடைக்கத் தொடங்கினாள். அந்த வருடம் அதை இன்னும் ஒருவரும் மிதித்திருக்கவில்லை. ஒரு துளி மண்கூட இல்லாமல் பளீரென்று இருந்தது. அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள்.