குடிப்பெயர் கேட்ட சேர்வர்

மட்டக்களப்பில், தன்னாமுனையில் வாவியைப் பார்த்தபடி இருந்த ஒரு பயிற்சி நிலையத்தில் ஒரு வருடத்துக்குச் சற்றுக் குறைவாக வேலை செய்தேன். அதற்கு முன் கட்டாரில் கூரைத் தட்டுகளுக்கு மேலே குனிந்து வயர் இழுத்தேன். அங்கே சம்பளம் நின்றதும் நாட்டுக்கு வந்தேன். வவுனியாவில் ஒரு கணினிக் கடையில் நின்றேன், அந்தக் கடையும் மூடப்பட்டது. இங்கே வயர் போடத்தான் கூப்பிட்டார்கள். போட்டு முடிந்ததும், அந்த வயரெல்லாம் போய்ச் சேரும் பெட்டியையும் பார்த்துக்கொள் என்றார்கள். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவனா என்று யாரும் கேட்கவில்லை. படுக்கக் களஞ்சிய அறையில் இடம் கிடைத்தது. அது போதுமாக இருந்தது.

பெட்டிக்குள் இருந்தது டைரக்டரி சேர்வர். நிலையத்தில் படிக்கிற, படிப்பிக்கிற எல்லோருடைய பெயரும் கடவுச்சொல்லும் அதற்குள்தான். யார் எந்தக் கணினியில் தன் பெயரை அடித்தாலும், இப்படி ஓராள் உண்டா என்று அந்தக் கணினி இதனிடம் கேட்கும். இதை நடத்துவதற்குப் படமும் பொத்தானும் கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. தேட ஒரு கட்டளை, சேர்க்க ஒன்று, திருத்த ஒன்று, அழிக்க ஒன்று, கடவுச்சொல் மாற்ற ஒன்று. என் ஆங்கிலத்துக்கு அது வசதி. அழிக்கும் கட்டளை மட்டும் 'நிச்சயமாகவா?' என்று கேட்காது, சொன்னதும் அழித்துவிடும். அதனால் அதை அடித்த பிறகு, என்டரைத் தட்டுமுன் கையை மடியில் வைத்து ஒருமுறை வாசிப்பேன்.

முன்பள்ளி ஆசிரியர்களுக்கான டிப்ளோமாவின் இறுதிப் பரீட்சையை அந்த முறைதான் முதன்முதலாகக் கணினியில் வைத்தார்கள். மத்தியானத்துக்கு முன் உள்ளே நுழையாதவருக்குப் பரீட்சை இல்லை. பதினொரு மணி தாண்டியிருக்கும், பாடநெறி இணைப்பாளர் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தார். இணைப்பாளர் ஏறாவூர் முஸ்லிம், எதற்கும் ஒரு பகிடி வைத்திருப்பவர். அந்தப் பெண் களுதாவளையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவர்.

"தம்பி, என்ட பேர் இல்லையெண்டு சொல்லுது."

"பேர் இல்லையெண்டு சொல்லுதா, கடவுச்சொல் பிழையெண்டு சொல்லுதா?"

"ரெண்டும் எனக்கு ஒண்டுதான். உள்ளுக்கு விடுகுதில்ல."

"முன் வாங்கில இருந்து கேள்வி கேட்டுக் கேட்டு எங்கட உசிர எடுத்த ஆள் இவ," என்றார் இணைப்பாளர். "இவட பேர் இல்லாம வேற யார்ர பேர் இருக்கப்போகுது? வடிவாப் பாருங்க."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "இது விடுபட்டா அடுத்த பிரிவோடதான் எழுதலாம். அதுக்குள்ள பள்ளிக்கூடத்துல என்ட இடத்துக்குச் சேர்டிபிகேட் உள்ள ஆளப் போட்டுடுவாங்க, தம்பி."

தேடிப் பார்த்தேன். அவருக்குக் கொடுத்திருந்த உள்நுழையும் பெயர் சேர்வரில் இருந்தது. ஆனால் அதற்குக் கீழே இருந்த விபரம் வந்தாறுமூலையைச் சேர்ந்த வேறொரு பெண்ணுடையது.

காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. விண்ணப்பப் பக்கத்தை வெளியூரில் யாரோ தமிழாக்கியிருந்தார். குடும்பப் பெயர் என்று வரவேண்டிய இடத்தில் 'குடிப்பெயர்' என்று எழுதிவிட்டார். மட்டக்களப்பில் குடி என்றால் வேறு. அது தாய்வழியாக வருவது. ஒரே குடியில் பிறந்தவர்கள் ஊர் வேறானாலும் சகோதரங்கள், தங்களுக்குள் கலியாணம் முடிக்கமாட்டார்கள். பக்கம் குடியைக் கேட்டது, சனம் குடியைச் சொன்னது. பெயரின் முதலெழுத்தோடு அதை ஒட்டி உள்நுழையும் பெயரை ஆக்கியிருந்தார்கள். இவர்கள் இரண்டு பேருக்கும் முதலெழுத்தும் ஒன்று, குடியும் ஒன்று. சேர்க்கும் கட்டளையில் ஒரு எழுத்தைக் கூட்டினால், பிழை வந்தாலும் நிற்காமல் அடுத்த ஆளுக்குப் போகும். எனக்கு முன் சேர்வரை நிறுவியவர் அப்படித்தான் ஓடவிட்டிருக்கிறார். முதல் பெண் உள்ளே போனார், அதே உள்நுழையும் பெயரில் வந்த இரண்டாவது பெண் வெளியே விழுந்தார். வகுப்புகள் நேரில் நடந்ததால் அதுவரை யாருக்கும் தெரியவில்லை.

இதைச் சொன்னதும் இணைப்பாளர் சிரித்தார். "எங்கட ஆக்கள் ஓராளுக்கு மூண்டு ஸ்பெல்லிங் வெச்சிருப்பம். நீங்க ரெண்டு பேருக்கு ஒரு பேர வெச்சிருக்கீங்க."

"அது பேரில்ல சேர், குடி," என்றார் அந்தப் பெண். பிறகு என்னிடம், "மத்தப் புள்ள எந்த ஊர்?"

"வந்தாறுமூலை."

"அங்கயும் எங்கட ஆக்கள் இருக்காங்க போல." ஒரு கணம் முகம் தெளிந்தது. பிறகு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"சரி, தகப்பன்ர பேரச் சொல்லுங்க. அதப் போட்டுச் சேத்துடுவம்," என்றார் இணைப்பாளர்.

"பிறப்புச் சான்றிதழ்ல அந்த இடத்துல ஒரு கோடுதான் சேர் இருக்கு."

நான் அந்த இடத்தை வெறுமையாக விட்டுச் சேர்த்துப் பார்த்தேன். சேர்வர் மறுத்தது. குடும்பப் பெயர் இல்லாத ஆளை அது எடுக்காது.

"என்னத்தப் போட்டாலும் எடுக்கும்," என்றேன். "ஒரு கோடு போட்டாலும் எடுக்கும். நேரம் போகுது."

"வேணாம் தம்பி. அங்க ஒரு கோடு இருக்கு, அது போதும்." சத்தம் கூடவில்லை. "எல்லா இடத்திலயும் தகப்பன்ர பேர்தான் கேக்கிற. இஞ்சதான் எனக்குத் தெரிஞ்ச ஒண்டக் கேட்டாங்க. மறுகா அதையும் பிழையெண்டா நான் என்னத்தச் சொல்ற?"

இணைப்பாளர் கதிரையை இழுத்து என் பக்கத்தில் இருந்தார். "தம்பி, வாப்பாட பேர் ஒண்டான ஆக்கள் எத்தின பேர் இதுக்குள்ள இருக்காங்க? அவங்கள எடுத்த மிஷினுக்கு ரெண்டு பேர் ஒரு குடியா இருந்தா என்ன கஷ்டம்?"

அவர் கேட்டது சரி. குடும்பப் பெயர் எத்தனை பேருக்கும் ஒன்றாக இருக்கலாம், உள்நுழையும் பெயர்தான் இருவருக்கு ஒன்றாக இருக்கக்கூடாது. அவசரத்தில் நான் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட்டேன். அந்தப் பெண்ணுடைய பெயரின் இரண்டாம் எழுத்தையும் சேர்த்துப் புதிய உள்நுழையும் பெயரை ஆக்கினேன். குடும்பப் பெயர் இடத்தில் அவருடைய குடியை அப்படியே விட்டேன்.

"சேர்டிபிகேட்டும் இதிலிருந்துதான் அச்சடிக்கிற," என்று இணைப்பாளர் அவருக்குச் சொன்னார். "குடி அதுலயும் வரும். ஆக்கள் பகிடி பண்ணினா எங்களப் பேசக்கூடாது."

"வரட்டும், சேர்."

கட்டளையை அடித்தேன். புதிய ஆளைச் சேர்ப்பதாக ஒரு வரி வந்தது. ஒரு தற்காலிகக் கடவுச்சொல்லும் கொடுத்தேன். அதை அந்தப் பெண் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு மாடியில் இருந்த பரீட்சை அறைக்கு ஓடினார்.

சேர்வரிடம் யார் வந்து கேட்டாலும் அது ஒரு வரி எழுதி வைக்கும். அந்த வரிகளைத் திரையில் ஓடவிட்டுக் காத்திருந்தோம். அவருடைய புதிய பெயர் வந்தது. கடவுச்சொல் பிழை. மறுபடியும் பிழை.

"அவசரத்துல பிழையா அடிக்கிறா போல," என்றார் இணைப்பாளர்.

அடுத்த வரியின் முடிவில் பூச்சியம் இருந்தது. இந்தச் சேர்வரில் சரி என்பதற்கு எண் அதுதான்.

"உள்ளுக்குப் போயிட்டாவா?"

"ஓம், போயிட்டா."

இணைப்பாளர் எழுந்து கதிரையைப் பழைய இடத்தில் வைத்தார். "பரீட்சை முடிஞ்சதும் குடி எழுதின ஆக்கள் எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்டு, வேணுமெண்டவங்களுக்குத் தகப்பன்ர பேருக்கு மாத்துங்க," என்றார். "இவவக் கேக்க வேணாம்."